கிதியோனின் சத்தம்

லீதியாள் டீச்சர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கம் தெரிந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த மேசையில் சோறு பரிமாறியிருக்கிறாள், பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறாள், முழங்கையை ஊன்றி ஜெபித்திருக்கிறாள், ஆனால் அதன் அடிப்பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். நூலாம்படை தொங்கியது, ஒரு மூலையில் எப்போதோ அடித்த மூட்டைப்பூச்சி மருந்தின் வெள்ளைத் தடம், சீ, இதையெல்லாம் துடைக்கவேண்டும், எழுந்ததும் முதல் வேலையாக ஒரு ஈரத்துணியை எடுத்து, என்று நினைத்தபடியே எழுந்திருக்கப் பார்த்தாள், இடது இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பி வயிற்றைச் சுருட்டிக்கொண்டு தொண்டைவரை வந்தது. இயேசப்பா. கண்ணை இறுக மூடித் திறந்தாள். கால் இருந்தது. ஆனால் அது வேறு யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கால் மாதிரி பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பக்கத்துத் தெரு ஆசீர்வாதம் மாமி விழுந்தபோது அவள் கால் இப்படித்தான் திரும்பிக் கிடந்ததாம், அப்புறம் மாமி எழுந்திருக்கவே இல்லை, நவம்பரில் விழுந்தவளைக் கிறிஸ்மஸுக்கு முன்னால் அடக்கம் பண்ணினார்கள். அதை நினைக்காதே. தண்ணீர் சிந்தியது யார், நான்தான், குடத்தைச் சாய்த்தேன், துடைக்கத் துணி எடுக்கத்தான் திரும்பினேன். அடுப்பைப் பற்றவைத்தேனா? தோசைக்கல்லை எடுத்து வைத்தது ஞாபகம் இருந்தது, தீப்பெட்டியை எடுத்தது ஞாபகம் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். புளித்த மாவு வாசனை மட்டும் வந்தது. இல்லை, பற்றவைக்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பற்றவைத்து அணைந்திருந்தால்? மறுபடியும் உறிஞ்சிப் பார்த்தாள்.

"அம்மா" என்று கிதியோன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். ஐம்பது தாண்டிய ஆள், தலையில் பாதி நரைத்துவிட்டது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, அந்த உடம்புக்குள்ளே மூன்று வயதைத் தாண்டாத ஒரு பிள்ளை. காலையில் அவள் குளிப்பாட்டி, தலை சீவி, பவுடர் போட்டு, முன் அறை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்த அதே கோலத்தில் நின்றான். மெதுவாகத்தான் கூப்பிட்டான். அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான். "தோசை" என்றான். "தாரேன் ராசா. அம்மா விழுந்துட்டேன், பாத்தியா. வாசல் கதவு இருக்குல்ல, அங்க போ. மேல தாழ்ப்பாள் இருக்கும். அதப் பிடிச்சு இழு." அவன் சிரித்தான். "இழு கண்ணு. மேல. இந்தா இப்படி." கையைத் தூக்கிக் காட்டினாள். அவனும் கையைத் தூக்கினான், அவள் இறக்கியபோது இறக்கினான். மறுபடி தூக்கினாள், மறுபடி தூக்கினான். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில், பேசத் தெரியாத, ஒன்றுக்குப் போகச் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஆனாவும் ஆவன்னாவும் விரல் பிடித்து மணலில் எழுதிக் காட்டி எழுதவைத்தவள், லீதியாள் டீச்சரிடம் போட்டால் எந்த மக்குப் பிள்ளையும் தேறிவிடும் என்று நாசரேத்தைச் சுற்றிப் பேர் வாங்கினவள், தன் பிள்ளைக்கு ஒரு தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லித் தரவில்லை. தெரியாமல் விட்டதில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். ஒருமுறை கதவு திறந்து கிடந்து அவன் தண்டவாளம் வரைக்கும் போய்விட்டான், அன்றைக்கே ஆசாரியைக் கூட்டிவந்து உயரத்தில் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள், அவன் பார்க்கும்போது அதைத் தொடக்கூட மாட்டாள், அவனை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் திறப்பாள், எவ்வளவு கெட்டிக்காரத்தனம், எவ்வளவு ஜாக்கிரதை, இப்போது அந்த ஜாக்கிரதை உயரத்தில் இருந்துகொண்டு கீழே கிடக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுக்கே வெட்கமாக இருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரல். சுவருக்கு அந்தப்பக்கம் சண்முகக்கனியின் மூன்று கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து ஓடும். மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடை கடையாகக் கொடுக்கிற பெண், நல்ல உழைப்பாளி, ஆனால் போன வருஷம் இந்த வாசலில் நின்று, "டீச்சரம்மா, ஒங்க மகன் இப்படிக் கத்துனா எம்பிள்ள எப்படிப் படிக்கும்? நாங்களும் எத்தன நாளுதான் பொறுக்க?" என்று கேட்டுவிட்டாள், "நீ ஓட்டுற கிரைண்டர நான் பொறுக்கல?" என்று இவளும் கேட்டுவிட்டாள், அதிலிருந்து பேச்சு இல்லை. அன்றைக்குத்தான் கடைசியாக அவன் கத்தியது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் வாயை இவள் பொத்தினாள். ஸ்ஸ். சத்தம் கூடாது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே அதுதானே பாடம், கோவிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணும்போது ஸ்ஸ், கல்யாண வீட்டில் ஸ்ஸ், அவருடைய அடக்க ஆராதனையில் பெட்டியை இறக்கும்போது ஸ்ஸ். அவர், இவள் புருஷன் ஞானதுரை, நல்ல மனுஷன், ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார், இவனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, நிறையாகவும் சொன்னதில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அவளுக்குக் கைவந்த ஒரே வித்தை அது. வாயை மூட வைப்பது. எல்லாப் பாடத்தையும் மறந்த கிதியோன் அந்த ஒரு பாடத்தை மறக்காமல் படித்துக்கொண்டான், அழுகை வந்தால் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொள்வான், பார்க்கிறவர்கள் சொல்வார்கள், எவ்வளவு அமைதியான பிள்ளை டீச்சர், தேவ கிருபைதான்.

தேவ கிருபை. இன்றைக்குத் திங்கள்கிழமை. நேற்றுக் கோவிலில் எல்லாரும் பார்த்தாகிவிட்டது, வழக்கமான பெஞ்சில், வெள்ளைச் சேலையில், பக்கத்தில் மகனோடு. இனி அடுத்த ஞாயிறு இடம் காலியாக இருந்தால்தான் டீச்சரம்மாவைக் காணோமே என்று யாராவது கேட்பார்கள். பால் பாக்கெட்டைப் பையன் வாசல் பையில் போட்டுவிட்டுப் போவான், பை நிரம்பினால் யோசிப்பானா, யோசிக்கமாட்டான், மேலேயே வைப்பான். மகள் பெர்சியாள் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள், நேற்றுக் கூப்பிட்டாள், "அம்மா, நான் சொன்னத யோசிச்சியா? அந்த ஹோம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அண்ணன அங்க விட்டுட்டு நீ எங்கூட வந்து இரும்மா. ஒனக்கு எண்பத்திரண்டு ஆகுது. ஒனக்கு ஒண்ணுன்னா அவன் கதி என்ன?" என்றாள். கர்த்தர் இருக்கிறார் என்று இவள் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள், சொல்லும்போது குரல் நடுங்காது. ஆனால் பெர்சியாளுக்குத் தெரியாது, ஐயருக்குத் தெரியாது, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் டீச்சரம்மா நீங்க ஜெபிங்க என்று கையைப் பிடிக்கிறார்களே அவர்கள் ஒருத்திக்கும் தெரியாது, அதிகாலையில் முழங்கால் போட்டு அவள் என்ன கேட்கிறாள் என்று. எனக்கு முந்தி அவனை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே. ஒரு நாள் முந்தி. தூக்கத்தில், நோகாமல், என் கை அவன்மேல் இருக்கும்போது. பெற்ற பிள்ளையின் சாவை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிற வாய் இது, இந்த வாயால்தான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டு முடித்து ஆமென் சொன்னதும் பக்கத்தில் படுத்திருக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் அவனும் ஆமென் என்பான். எதற்கு ஆமென் சொல்கிறோம் என்று தெரியாமல்.

முன் அறையில் செல்போன் அடித்தது. அவள் உடம்பெல்லாம் காதானாள். "கிதி! போன். போனை எடுத்துட்டு வா. ஓடு ராசா, அம்மாகிட்ட எடுத்துட்டு வா." எடுத்துட்டு வா என்றதும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது, அது அவனுக்குத் தெரிந்த வார்த்தை, தெரிந்த வேலை. போனான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, எடுத்துவிடு, அதைத் தொட்டால் போதும், பெர்சியாளோ, கரண்ட் ஆபீஸோ, தப்பான நம்பரோ, யாராக இருந்தாலும் ஒரு மனுஷக் குரல். அவன் திரும்பி வந்தான். இரண்டு கையிலும் பவ்வியமாக ஏந்திக்கொண்டு வந்தான். வேதப்புத்தகம். தினமும் காலையில் ஜெபத்துக்கு உட்காரும்போது அவள் எடுத்துட்டு வா என்பாள், அவன் இதைத்தான் எடுத்துவருவான், அவனுக்கு எடுத்துட்டு வா என்றால் உலகத்தில் இது ஒன்றுதான். போன் நின்றுவிட்டது. அவன் குனிந்து புத்தகத்தை அவள் நெஞ்சின்மேல் வைத்தான். கனமாக இருந்தது. மாமியார் கொடுத்த புத்தகம், தோல் அட்டை, ஓரமெல்லாம் அவள் விரல் பட்டுக் கறுத்தது, அதை அவள் தரையில் வைத்ததே கிடையாது, இப்போது ஒரு கையால் தள்ளினாள், அது சரிந்து சிந்திக் கிடந்த தண்ணீரில் விழுந்தது. கிதியோன் பயந்துபோய் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் பக்கங்களில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களில் ஒன்றை ஆரம்பித்தாள், இரண்டாம் வரி வரவில்லை, மறுபடி முதல் வரி, மறுபடி அதே இடத்தில் அறுந்தது, வகுப்பில் பாதியில் திக்கி நிற்கிற பிள்ளையைப் போல, உட்கார், நாளைக்குப் படித்துவிட்டு வா.

அப்புறம் அவன் போய்த் தன் தலையணையை எடுத்துவந்தான். அம்மா படுத்திருக்கிறாள், அப்படியானால் இது படுக்கிற நேரம். ஈரத்திலேயே தலையணையைப் போட்டு அவள் பக்கத்தில் படுத்து, வழக்கம்போல அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தின்கீழ் வைத்துக்கொண்டான். "தோசை போச்சு" என்றான் மெதுவாக. அவளுக்கு உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது, பல் தந்தியடித்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின. இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தது. இன்றைக்கு ராத்திரியோ நாளைக்கோ நான் போய்விடுவேன், இவன் இப்படியே என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். கை சில்லென்று ஆகும், இவனுக்குத் தெரியாது. எழுந்து உட்கார்ந்து அம்மா என்பான், பதில் வராது, பேசாமல் காத்திருப்பான், பசிக்கும், பொறுத்துக்கொள்வான், காத்திருக்க இவனுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன், தாகம் எடுக்கும், இந்தத் தண்ணீரை நக்குவானோ என்னவோ, அழுகை வரும்போது வாயைப் பொத்திக்கொள்வான். கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. ஈ வரும். இவன் என் முகத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேண்டாம் ஆண்டவரே. நான் கேட்டது இது இல்லையே. என்னென்னவோ கேட்டேன், பாவி, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன், அதற்காக இப்படியா, இவனை விட்டுவிடும், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். நீர் இருக்கிறீரா? இருந்தால் அந்தச் சுவர் வழியாக ஒருத்தி காதில் போய்ச் சொல்லக்கூடாதா? சுவர் கிரைண்டரோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

கிரைண்டர் நின்றது. மூன்றும் ஒரே சமயத்தில் நின்றன, தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியும் வேகம் குறைந்து நின்றது. கரண்ட் போய்விட்டது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. அந்தப்பக்கம் சண்முகக்கனி, "சை, இந்த நேரத்துலயா" என்பதுகூடக் கேட்டது. லீதியாள் டீச்சர் கூப்பிட்டாள். "சண்முகக்கனி!" தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சுத்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள், அவள் பேர் பாதியில் இருமலாக முடிந்தது. என் குரல் போதாது. இவன் குரல் போதும். போன வருஷம் தெருமுனை வரைக்கும் கேட்ட குரல். "கிதி, கத்து ராசா. சத்தமா அம்மான்னு கத்து." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தான். ஸ்ஸ். "இல்ல கண்ணு. இப்ப கத்தலாம். அம்மா சொல்றேன்ல." ஸ்ஸ் என்றான் மறுபடியும், அவளுக்கு அவன் சொல்லித் தருவதுபோல. கரண்ட் எந்த நேரமும் வந்துவிடும். அவன் கன்னத்துக்கு அடியில் இருந்த கையை இழுத்தாள், அவன் முழங்கைக்குமேலே மெத்தென்ற சதையைப் பிடித்தாள், குளிப்பாட்டும்போது வழுக்குமே அந்த இடம். நாற்பது வருஷம் பிரம்பைத் தொடாமல் பாடம் நடத்தினவள். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாள். முழு பலத்தோடு, நகம் இறங்க, திருகிக் கிள்ளினாள். அவன் உடம்பு விறைத்தது. கண்ணில் தண்ணீர் குபுக்கென்று வந்தது. அவன் கத்தவில்லை. தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டான், இறுகப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் மூக்கு ஒழுக, நான் சத்தம் போடவில்லை பார் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

அவன் பிறந்த அன்றைக்கும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவனைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் அடித்தாள், நீலமாகத் தொங்கினான், அழு, அழு, ஒரே ஒரு தடவை அழுதுவிடு என்று இவள் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த அழுகை எவ்வளவு நேரம் கழித்து வந்தது, அந்த நேரம்தான் அவன் மூளையைத் தின்றது என்று பிறகு டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் வந்த அழுகையை எல்லாம் நான் திருப்பி உள்ளே தள்ளினேன். அவன் மணிக்கட்டைப் பிடித்து வாயிலிருந்து இழுத்தாள். அவன் விடவில்லை, அவனுக்குத்தான் பலம். "கையை எடு! கத்து! கத்துடா!" அவனை டா போட்டதே இல்லை. மறுபடி கிள்ளினாள், அதே இடத்தில், அவன் முனகினான், கை இறங்கவில்லை. அப்போது அவளுக்குள்ளிருந்து அது வந்தது. பேரும் இல்லை, வார்த்தையும் இல்லை, ஜெபமும் இல்லை. மாடு கத்துவதுபோல ஒன்று. இடுப்பு வலியிலிருந்து புறப்பட்டதா, எங்கிருந்து புறப்பட்டதோ, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது, வாயைக் கோணிக்கொண்டு, சேலை விலகிக் கிடக்க, எச்சில் வழிய, லீதியாள் டீச்சர் ஊளையிட்டாள். தன் அம்மா இப்படிச் சத்தம் போட்டு அவன் கேட்டதே இல்லை. அவன் கண் பெரிதானது. கை வாயைவிட்டு நழுவியது. அவனும் கத்தினான். கூரை அதிர, பாத்திரங்கள் அதிர, உள்ளே அத்தனை வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் வருவதுபோலக் கத்தினான், மூச்சு வாங்கி மறுபடி கத்தினான், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கத்தினார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. "ஏய் என்னங்க, டீச்சரம்மா வீட்டுல என்னமோ ஆச்சு, ஓடியாங்க!"

கதவை உடைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வீடு முழுக்க ஆட்கள். சண்முகக்கனியின் புருஷனும் எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் முதலில் கிதியோனைத்தான் பிடித்தார்கள். "பெத்த தாயப் போட்டு அடிச்சிட்டானே, பாவி!" என்று கையை முறுக்கினார்கள். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "அவன விடுங்க" என்றாள் லீதியாள் டீச்சர். யாருக்கும் கேட்கவில்லை. "நான்தான் அவன கிள்ளினேன். அவன் ஒண்ணும் செய்யல. நான்தான்." குனிந்து அவள் வாயருகே காது கொடுத்த சண்முகக்கனி நிமிர்ந்து கிதியோனின் கையைப் பார்த்தாள். முழங்கைக்குமேலே கன்றிப்போய், நகம் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அவளுக்கு என்ன புரிந்ததோ, "கையை எடுங்க அண்ணாச்சி. விடுங்கங்கேன்ல" என்று அதட்டினாள். மாவு காய்ந்திருந்த கையால் டீச்சரின் சேலையை இழுத்துச் சரிசெய்தாள். "ஆம்புலன்ஸ் வருது டீச்சரம்மா. அசையாமக் கெடங்க. இவன் ஏதும் சாப்பிட்டானா?"

"இல்ல."

அவள் எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்தாள். அடுக்களை வாசலில், தேம்பிக்கொண்டிருந்தவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வேண்டாம், வாங்கமாட்டான் என்று சொல்ல லீதியாள் டீச்சர் வாயெடுத்தாள். அவன் அப்பாவிடம் வாங்கித் தின்றதில்லை. தங்கச்சியிடம் வாங்கித் தின்றதில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்த ஹோமுக்கே ஒருமுறை அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள், அங்கே ஒரு ஆயா அன்பாகத்தான் ஊட்டப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். என் கையில்லாமல் இவன் செத்துப்போவான். அன்றைக்கு பஸ்ஸில் அது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது, மற்றதெல்லாம் அந்த நிச்சயத்திலிருந்துதான் வந்தது, அதிகாலை ஜெபம் உட்பட. சண்முகக்கனி இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள்.

"அவன் சட்னி தொடமாட்டான்" என்றாள் லீதியாள் டீச்சர்.

கிதியோன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். மென்றான். தேம்பல் நடுவே விக்கல் வந்தது, சண்முகக்கனி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். "தொடுதானே டீச்சரம்மா" என்றாள் திரும்பிப் பார்க்காமல். வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள், யாரோ காலைத் தூக்கினார்கள், வலி வந்தது, அவள் கத்தவில்லை. தூக்கிக்கொண்டு போகையில் தலையைத் திருப்பி அவனையே பார்த்தாள். ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. நெஞ்சில் அதற்குப் பதிலாக, யாரோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு ஆத்திரம் எழுந்து நின்றது. அதை அடக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. அவன் இந்தப்பக்கம் பார்க்கவில்லை. சட்னி ஒட்டின உதட்டை நக்கிவிட்டு, அந்த மாவுக் கைக்கு நேராக, இன்னொரு வாய்க்குத் திறந்தான்.